மற்களத்தில் மகளிர்

வலிமை ஆடவர்க்கு உரியது, மென்மை மகளிர்க்கு உரியது என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்னும் பட்டத்தைப் பெருமையுடன் தாங்கினான். ‘பெரிய மற்போர் வீரன்’ என்பது அதன் பொருள். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் சுமந்து நிற்கிறது. ஆனால், மற்போர் புரிந்த மங்கை ஒருத்தியின் பெயரால் அமைந்த ஊரைக் காண்டல் அரிது.

காலம் மாறிற்று. 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் மகளிர் மற்போர் முதன்முறையாக இடம்பெற்றது. மகளிர் ஆடுவது கட்டற்ற முறை மற்போர். இதில் எதிராளியின் காலையும் பற்றலாம். தம் காலாலும் அவரை வீழ்த்தலாம். மூன்று நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாகப் போட்டி நடைபெறும். எதிராளியின் இரு தோள்களையும் தரையில் அழுத்தி நிறுத்தினால் போட்டி அப்போதே முடியும். உடல் எடை ஒத்தவரோடு ஒத்தவரே மோதுவர். ஆகவே, உடல் வலிமை மட்டும் இங்கே போதாது. விரைந்த அறிவும் கலங்காத நெஞ்சும் வேண்டும்.

2016 ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 58 கிலோ பிரிவில் ஆடினார் சாக்ஷி மாலிக். அவர் அரியானாவின் மோக்ரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். பேருந்து நடத்துநரின் மகள். கால் இறுதியில் அவர் தோற்றார். தம்மை வென்றவர் இறுதிச் சுற்றை எட்டினால், தோற்றவர்க்கு மீண்டும் ஒரு வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பை அவர் பற்றிக்கொண்டார். வெண்கலப் பதக்கத்திற்கான போட்டியில் கிர்கிஸ்தான் வீராங்கனையிடம் முதற்பகுதியில் 0–5 எனப் பின்தங்கினார். ஆயினும் அவர் தளரவில்லை. இறுதி வினாடிகளில் எதிராளியை வீழ்த்தி 8–5 என்று வென்றார். ஒலிம்பிக் மற்போரில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் புகழ் அவரைச் சேர்ந்தது.

எளிய குடும்பத்துப் பெண்ணுக்குக் களமும் பயிற்சியும் கிடைத்தமையால் விளைந்த பயன் இது. அவை ஏனைய எளிய பெண்களுக்கும் கிடைத்தல் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்த தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் பல்லாயிரவர் உழைக்கின்றனர். 2024 ஆம் ஆண்டு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க பெருவிடுதி திறக்கப்பெற்றது. உறைவிடம் அமைந்தது நன்று. அத்தகைய இடங்களில் ஒரு மற்போர் விரிப்பும் ஒரு பயிற்சியாளரும் அமைவது அதனினும் நன்று.

“நாளெல்லாம் நின்று உழைத்தவர்க்கு ஓய்வன்றோ வேண்டும்? மற்போர் எதற்கு?” என்று சிலர் வினவலாம். ஓய்வு வேண்டும் என்பது உண்மையே. ஆதலின், பயிற்சிக்குரிய நேரத்தை அப்பெண்களின் உறக்கத்திலிருந்து எடுத்தல் தகாது. வேலை நேரத்திலிருந்தே ஒதுக்குதல் வேண்டும். ஓர் அசைவையே ஓயாது செய்யும் உடல் சோர்கிறது. விளையாட்டில் அதே உடல் முழுமையாக விழிக்கிறது.

அவர்கள் அனைவரும் பதக்கம் பெறப்போவதில்லை. பெற வேண்டும் என்பதும் இல்லை. கீழே விழுவது முடிவன்று, எழுவதற்கு இன்னும் நேரம் உண்டு என்பதை மற்களம் கற்பிக்கும். அதைக் கற்ற பெண் ஆலையிலும் தெருவிலும் அஞ்சாது நிமிர்ந்து நடப்பாள். நாட்டுக்கு அதைவிடப் பெரிய பதக்கம் வேறில்லை.