முதல் செலவு, கடைசிப் பணம்

ஒருவர் இறந்துபோனால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து முதலில் யாருக்குப் பணம் போக வேண்டும்? வங்கிக்கா, கைமாற்றுக் கொடுத்தவருக்கா, பிள்ளைகளுக்கா? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதில் குழப்பம் எதையும் வைக்கவில்லை. இறந்தவரின் நிலைக்கு ஏற்ற நியாயமான ஈமச்செலவும், கடைசிக்கால மருத்துவச் செலவும், சாவதற்கு முந்தைய ஒரு மாதத்து உணவு, தங்குமிடச் செலவும் எல்லாக் கடன்களுக்கும் முன்னதாகத் தீர்க்கப்பட வேண்டும் என்கிறது 320-ஆவது பிரிவு. அதற்கடுத்து உயிலை மெய்ப்பிப்பதற்கான நீதிமன்றச் செலவு. பிறகு, கடைசி மூன்று மாதங்களில் அவருக்கு உழைத்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலி. மற்ற கடன்காரர்கள் அதற்கும் பின்னால்தான் நிற்க வேண்டும். இஸ்லாமியச் சட்டமும் கஃபன் எனும் சவத்துணி, அடக்கச் செலவைக் கடனுக்கும் வஸிய்யத் எனும் உயிலுக்கும் முன்னால் வைக்கிறது.

ஆனால், இந்த முன்னுரிமை சொத்தின் மீதானது. சாவு வீட்டுக்குத் தேவை ரொக்கம். விடியற்காலையில் உயிர் பிரிந்தால், பொழுது நன்றாகப் புலர்வதற்குள் ஐஸ் பெட்டி வந்தாக வேண்டும். பந்தல், நாற்காலி, மாலை, பறையடிப்பவர்கள், பாடை அல்லது வண்டி, குழி வெட்டுபவர், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி, சாப்பாடு என்று ஒரே நாளில் செலவு ஏறிக்கொண்டே போகும். மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் கருமாதி. இறந்தவரின் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கும். மகன் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்பார். நூறாண்டுகளாகச் சட்டம் முதலிடம் தந்துவரும் செலவுக்குப் பணம் கடைசியில் வருவதற்குக் காரணம், சாவுச் செய்தி எட்டியதும் கணக்கு முடங்கிவிடுவதுதான்.

வங்கியைக் குறைசொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர் இறந்தது தெரிந்த பிறகு அவருடைய காசோலைக்குப் பணம் கொடுக்க அதற்கு அதிகாரமில்லை. இருவரில் எவரும், அல்லது உயிரோடிருப்பவர் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு தொடங்கிய கூட்டுக் கணக்காக இருந்தால் தப்பித்தோம். தனிக் கணக்கென்றால் நியமனதாரரோ வாரிசுகளோ விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் கோரிக்கையைத் தீர்க்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வழிமுறை வகுத்திருக்கிறது. முன்பிருந்த இழுபறியைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த 15 நாட்கள், இறப்புச் சான்றிதழ் வாங்கி ஒப்படைத்த பிறகுதான் எண்ணத் தொடங்கப்படும். அதற்குள் கருமாதிப் பந்தலைப் பிரித்திருப்பார்கள். அதனால்தான் பல வீடுகளில் அழுகைச் சத்தத்துக்கு நடுவே யாராவது ஒருவர் இறந்தவரின் ஏடிஎம் அட்டையோடு மெல்ல நழுவுகிறார். வங்கி விதிகளின்படி அது தவறு. செய்பவருக்கும் தெரியும்.

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உரிய நிறைவேற்றுநர் இல்லாதபோது இறந்தவரின் சொத்தில் தலையிடுபவர், தானே வலிந்து அந்தப் பொறுப்பை ஏற்றவராகிக் கடன்காரர்களுக்கும் வாரிசுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவு. கூடவே, ஈமச்சடங்குக்காகவோ குடும்பத்தின் உடனடித் தேவைக்காகவோ இறந்தவரின் பொருளைத் தொட்டால் அது அத்தகைய தலையீடு ஆகாது என்றும் சொல்கிறது. அதாவது, பீரோவில் இருக்கும் இறந்தவரின் பணத்தை எடுத்து அவரையே அடக்கம் செய்யலாம். சட்டம் கேள்வி கேட்காது. பணம் பீரோவில் இருந்த காலத்துக்கு எழுதப்பட்ட சலுகை இது. பணம் வங்கிக்குப் போய்விட்டது. சலுகை பின்தொடரவில்லை.

சரி, இறந்தவர் எதுவுமே விட்டுச்செல்லாவிட்டால் செலவு யார் தலையில்? ‘பிள்ளைகள்தான், இதில் என்ன கேள்வி’ என்போம். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் வியப்பு காத்திருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்கிறது. ஈமச்செலவைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் (1956) மணமாகாத மகளின் கல்யாணச் செலவைக்கூடப் பராமரிப்பில் அடக்குகிறது, சாவுச் செலவை விட்டுவிட்டது. ஊர் வாய்க்கு அஞ்சிச் செய்வதை விட்டால், பிள்ளையைக் கைநீட்டிக் காட்டும் நேரடி விதி இங்கே மெலிந்தே இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி 1788-லேயே நீதிமன்றத்துக்கு வந்தது. கணவர் ஜமைக்காவில் இருந்த நேரத்தில் மனைவி இறந்துபோனார். பெண்ணைப் பெற்றவர் தன் கைக்காசில் அடக்கம் செய்துவிட்டு மருமகன் மீது வழக்குப் போட்டார். மனைவியை அடக்கம் செய்வது கணவரின் கடமை, அதைச் செய்தவருக்கு அவர் பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று தீர்ப்பானது. கேட்டுக்கொள்ளாமலேயே செய்த செலவானாலும், கடமை இன்னொருவருடையது என்றால் மீட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். நம் பக்கத்தில் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடித் துணி கொண்டுவருவார்கள், ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவையும் ஏற்பார்கள். யாரும் அதற்கு வழக்குப் போடப் போவதில்லை, போடவும் வேண்டாம். அது முறை. ஆனால் ஒரே பிள்ளை மொத்தச் செலவையும் சுமக்கும்போது விஷயம் முறையோடு நிற்பதில்லை.

அப்பாவின் கடனை மகன் தீர்த்தாக வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. அதன் பிறகு ஏற்பட்ட அப்பாவின் கடனுக்கு, அப்பாவிடமிருந்து வந்த சொத்து அளவுக்கு மேல் மகன் பொறுப்பில்லை. அப்பாவின் சாவுக்காக மகன் வாங்கிய கடன் என்றால்? அது மகனுடைய சொந்தக் கடன். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்திருக்கலாம். சாவு வீட்டிலிருந்து வருகிறவர் வட்டி விகிதம் பேசிக்கொண்டிருப்பதில்லை. அவர் சட்டப்படி செய்யக்கூடியது ஒன்றுதான்: செலவுக் கணக்கை எழுதிவைத்து, பாகம் பிரிப்பதற்கு முன் சொத்திலிருந்து அதை முதலில் கழித்துக்கொள்வது. கருமாதி முடிந்ததும் பங்காளிகள் உட்கார்ந்து செலவுக் கணக்கு பார்க்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சட்டம் சொல்வதை அவர்கள் படிக்காமலேயே செய்கிறார்கள்.

கணக்கு எழுதாத வீட்டில்தான் வேறு பேச்சு கிளம்புகிறது. “கொள்ளி வைத்தவன் நான், செலவு செய்தவன் நான், அக்கா தங்கைக்கு எதற்குப் பங்கு?” கொள்ளி வைத்ததற்காக யாருக்கும் கூடுதல் பங்கு கிடையாது, செய்த செலவு மட்டும் திரும்பக் கிடைக்கும். மகளுக்குச் சமபங்கு தந்த சட்டம், ஈமச்செலவைக் கழித்த மீதியில்தான் எல்லோருக்கும் பங்கு தருகிறது. ஆகவே, மகளும் தன் பங்குக்குச் செலவை ஏற்றவர் ஆகிறார். இதை இரு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொண்டால் பல பாகப்பிரிவினை வழக்குகளில் பாதிக் காரம் குறைந்துவிடும்.

‘நியாயமான’ என்ற சொல் சண்டைக்கு இடம்தருவது உண்மைதான். கடனில் மூழ்கி இறந்தவருக்குப் பூப்பல்லக்கும் வாணவேடிக்கையும் செய்துவிட்டு, அதற்கும் முன்னுரிமை கேட்டால் கடன்காரர் எதிர்ப்பார், எதிர்ப்பது சரிதான். அதே சமயம், மயானக் கட்டணம் மட்டுமே ஈமச்செலவு என்று சுருக்கவும் முடியாது. அதைத் தாண்டிச் சமயச் சடங்குச் செலவுகளும் உண்டு என்பதை ஏற்று, 2013-இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் வழங்கியது. நான்காண்டு கழித்து, பிரணய் சேத்தி வழக்கில் அரசமைப்பு அமர்வு அதை 15,000 ரூபாயாக்கி, மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த அட்டவணை 2,000 ரூபாய்தான் தந்திருந்தது என்பதால் இதைக் கஞ்சத்தனம் என்றும் சொல்ல முடியவில்லை. இருந்தாலும், வழக்கு முடிந்து அந்தப் பணம் வரும்போது எத்தனை திவசம் கடந்திருக்குமோ!

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் (ஈஎஸ்ஐ) இதில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. ஈமச்செலவுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் தருகிறது; குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவருக்கு, குடும்பம் இல்லாவிட்டாலோ இறந்த தொழிலாளி குடும்பத்தோடு வாழவில்லை என்றாலோ, உண்மையில் செலவு செய்தவருக்கு. வாரிசுச் சான்றிதழைத் தேடி அலையவிடாமல், செலவழித்த கையைப் பார்க்கிறது. இறந்தவர் அறை நண்பராக இருந்தாலும் செலவு செய்தவர் கேட்டு வாங்கலாம். ஊர்விட்டு ஊர் வந்து திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வரி எவ்வளவு பொருந்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருத்துவமனை பாக்கிக்காக உடலைத் தர மறுப்பது இன்னொரு கதை. 320-ஆவது பிரிவு கடைசிக்கால மருத்துவச் செலவை ஈமச்செலவோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது என்பது மருத்துவமனைக்குச் சாதகம்தான். ஆனால் அந்த உரிமை இறந்தவரின் சொத்தின் மீது. உடலின் மீது அல்ல. பிணம் யாருக்கும் சொத்தல்ல என்பது பொதுச் சட்டத்தின் பழைய விதி. சொத்தல்லாததை அடகுபோலப் பிடித்துவைக்க முடியாது. கடனாளிச் சிறையில் இறந்தவரின் உடலைக் கடன் தீரும்வரை தரமாட்டேன் என்ற சிறைக் காவலருக்கு எதிராக 1841-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் உத்தரவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனமும் கட்டணத் தகராறுக்காக உடலைத் தடுத்துவைக்கக் கூடாது என்கிறது. நிர்வாகத்தோடு வாக்குவாதம் செய்யும் உறவினர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது: பாக்கியை மறுக்க வேண்டியதில்லை, உடலை மட்டும் கேட்டால் போதும்.

என்ன செய்யலாம்? பிரிட்டனில், உயில் நடைமுறை முடியும்வரை காத்திருக்காமல், ஈமச்சேவை நிறுவனத்தின் பில்லைக் காட்டினால் இறந்தவரின் கணக்கிலிருந்து நேரடியாக அந்த நிறுவனத்துக்கே வங்கிகள் பணம் செலுத்துகின்றன. இங்கும் ஒரு வரம்பு வைத்து, மருத்துவர் தரும் இறப்பு அத்தாட்சியின் பேரில் அன்றைக்கே ஒரு தொகையை விடுவிக்க ரிசர்வ் வங்கி விதி வகுக்கலாம். 303, 320 ஆகிய இரு பிரிவுகளின் நோக்கத்துக்கும் அது முரணாகாது. இடிக்கிற இடம் பில். நம் ஊரில் ஐஸ் பெட்டிக்காரரும் பந்தல்காரரும் துண்டுச் சீட்டு தந்தாலே பெரிய விஷயம். ஈமச் சேவையையும் உடலை எடுத்துச்செல்வதையும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்தியிருப்பது கருணைதான். வரி இல்லாததால் கணக்கு கேட்கவும் ஆளில்லாமல் போனது அதன் பக்கவிளைவு. அமெரிக்காவில் 1984 முதல் ஈமச்சேவை நிறுவனங்கள் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையிலிருந்து இலவச அமரர் ஊர்தி அனுப்பும் மாநிலத்துக்கு, தனியார் வண்டி, ஐஸ் பெட்டி வாடகையை ஒரு பலகையில் எழுதிவைக்கச் சொல்வது கடினமான வேலை இல்லை. உள்ளாட்சி அமைப்புகள் மயான வாசலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.