பென் டிரைவுக்கும் குப்பைக்கூடை வேண்டும்!

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-ல் கிடைத்தன. ராஜேந்திர சோழன் காலத்து எழுத்து. சுமார் ஆயிரம் ஆண்டாகியும் அழியவில்லை. கம்ப்யூட்டர் எழுத்து? ஒரு தட்டு தட்டினால் போச்சு!

கை தவறுவது மனித சுபாவம். அதனால்தான் விண்டோஸ் 95-ல் (1995) 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக்கூடை வந்தது. அழித்த பைல் அதில் கிடக்கும், திரும்ப எடுக்கலாம். ஆனால், பென் டிரைவில் அழித்தால் அந்தக் கூடைக்கே போகாது. நேரே காலி!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு அலையும் பையனின் சர்டிபிகேட், கடைக்காரரின் கணக்கு எல்லாம் அந்தச் சின்னக் குச்சியில்தான். "நிச்சயமா அழிக்கவா?" என்று கேட்டால் மட்டும் போதுமா? பழக்கதோஷத்தில் கை 'ஆமாம்' தட்டிவிடுகிறது. கேள்வி போதாது, மீட்க வழி வேண்டும்.

அதுவரை? இன்னொரு காப்பி எடுத்து வையுங்க சார்!