நினைத்தவுடன் கடல் கடக்கலாமா?

"முன்பின் யோசியாமல் புறப்படுவது பெண்பிள்ளைகளுக்கு அழகல்ல" என்பது எங்கள் இல்லத்தில் அம்மம்மா வழங்கிய தீர்ப்பு. "அதுவும் கடல் கடந்து!" என்று அப்பா அதற்கு முத்திரை குத்தினார். சென்ற விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நானும் என் தோழியும் நெடுந்தீவுக்குப் போய் அன்றே திரும்பியதுதான் வழக்கு. அம்மாவின் அனுமதியுடனேயே போனோம் என்பதை அருட்சகோதரிகள் தயவுசெய்து கவனிக்கவும். எனினும் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. என் மேன்முறையீட்டை இம்மலரின் வாசகர் முன் வைக்கிறேன்.

என் தோழி நெடுந்தீவைச் சேர்ந்தவள். படிப்பின் பொருட்டு யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் தங்கியிருக்கிறாள். அன்று விடியற்காலை எங்கள் படலையில் வந்து நின்று, "அம்மாவைப் பார்க்கப் போறன், நீயும் வாவன், பின்னேரம் திரும்பியிடலாம்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் திட்டம்!

பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் தாண்டிப் புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறை வரை பஸ் வண்டி. அங்கே நயினாதீவுக்குப் போகும் அடியார்கள் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போவோர் மறுபக்கம். நயினாதீவு எட்டிப்பிடிக்கும் தூரம். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம் அலையோடு போராட வேண்டும். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், சைக்கிள், கோழிக்கூடு எல்லாம் எங்களோடு பயணம் செய்தன.

"இரண்டு பெண்பிள்ளைகள் தனியே" என்று அப்பா சொன்னாரே, அந்தத் 'தனியே' என்ற சொல்லுக்குப் படகில் இடமே இல்லை. "ஆற்றை பிள்ளை?" என்று நான்கு பேராவது என்னை விசாரித்தார்கள். எனக்குத் தலை சுற்றியபோது முன்பின் அறியாத ஓர் ஆச்சி தேசிக்காயைக் கீறி மூக்கருகே பிடித்தார். என் பையை இன்னொருவர் மடியில் வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துப் பஸ் நிலையத்தில் நான் மயங்கி விழுந்தால் இத்தனை பேர் ஓடி வருவார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அம்மம்மாவின் அச்சத்தை நான் பகடி பண்ணவில்லை. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் குமுதினிப் படகில் வந்த நெடுந்தீவுப் பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டதை அவர் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். மாவிலித்துறையில் இறங்கியதும் அவர்களுடைய நினைவுத்தூபி முன் தோழி சற்று நின்றாள், நானும் நின்றேன். அதன் பின்பும் அவ்வூர் மக்கள் அதே கடலில் படகேறினார்களே, அவர்களுக்கு அச்சமில்லையா? வேறு பாதை இல்லை என்பதுதான் விடை.

தீவின் காட்சிகளை விரித்தால் ஆசிரியர் குழு என் கட்டுரையைக் கத்தரித்துவிடும். பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள், மட்டக் குதிரைகள், குகைபோல் வயிறு குழிந்த பெருக்கு மரம், இடிந்த கோட்டை - இவற்றையெல்லாம் பார்க்க வந்த ஒரு கூட்டம் வாகனத்தில் எங்களைத் தூசியால் குளிப்பாட்டிக்கொண்டு பறந்தது. குதிரையருகே இரண்டு நிமிடம், மரத்தடியில் ஒரு படம், மீண்டும் ஓட்டம். கோடையில் குடிக்க நீரின்றி அந்தக் குதிரைகள் வாடுவதை அவர்களுக்கு யார் சொல்வது? நாங்கள் பாதிக்கு மேல் பார்க்கவில்லை. தோழி வீட்டுத் திண்ணையில் ஒடியற்கூழ் குடித்தபடி அவள் அம்மாவின் கதைகளைக் கேட்பதிலேயே நேரம் போயிற்று. அதில் எனக்குத் துளியும் கவலையில்லை.

அவர் சொன்னவற்றில் ஒன்று என்னை விட்டு அகலவில்லை. தோழியின் தம்பிக்கு ஓர் இரவு வயிற்றுக்குத்து. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டிய நிலை. வாடைக்காற்று வீசும் காலம். அயலிலுள்ள மீனவர் ஒருவர் தம் சிறு படகை இறக்கினார். மழையில் பிள்ளையின் மேல் தறப்பாளைப் பிடித்தபடி அக்கரை சேரும்வரை தாய் செபமாலையை விடவில்லையாம். பையன் பிழைத்துக்கொண்டான், நாங்கள் போனபோது முற்றத்தில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தான். இதைக் கேட்டு நான் வாயடைத்திருக்க, தோழி சாதாரணமாகச் சொன்னாள்: "நீ நினைச்ச உடன வரலாம். நாங்கள் நினைச்ச உடன போகேலாது."

இங்கேதான் என் வாதம் அம்மம்மாவிடமிருந்து பிரிகிறது. யோசித்துப் புறப்படுவது பெண்ணுக்கு அழகு என்கிறார் அவர். அத்தீவில் அது அழகுமில்லை, அடக்கமுமில்லை, கட்டாயம். சோதனைக்கும் மருந்துக்கும் சாவீட்டுக்கும் காற்றையும் படகையும் கேட்டே நாள் குறிக்கிறார்கள். புங்குடுதீவுக்குக் கடலை ஊடறுத்து வீதி போட முடிந்தது. நெடுந்தீவு அப்படியன்று, ஆழமும் தூரமும் இடையில் கிடக்கின்றன. ஆகவே பாலம் கேட்டுப் பேராசைப்படவில்லை. 2017இல் நெடுந்தாரகை என்னும் புதிய பயணிகள் படகு வந்தபோது ஊரே துறைக்கு வந்ததாம். அதுபோல, இரவிலும் நோயாளரை ஏற்றிவரத் தக்க ஒரு படகு எந்நேரமும் துறையில் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பதே என் கட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உல்லாசமாகப் போகும் நாம் படகின் இருக்கைகளை நிரப்பிவிடுகிறோம். திரும்பும்போது ஒளிப்படக் கருவிகளோடு வந்தவர்கள் காற்றோட்டமான இடங்களில் அமர்ந்திருக்க, மருத்துவத் துண்டைக் கையில் பிடித்தபடி ஒரு முதியவர் கம்பியைப் பற்றி நின்றார். நாங்கள் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தோம். இதை எங்கள் நற்குணத்துக்குச் சான்றாக எழுதவில்லை. எங்களுக்கு அது விளையாட்டுப் பயணம், அவருக்கு அதுதான் வீதி. தம் வீதியில் போக ஒருவர் மற்றவரின் இரக்கத்தை எதிர்பார்க்கலாமா? விடுமுறை நாள்களில் ஊரவர் ஏறிய பின்பே மற்றவர் ஏறலாம் என்று ஓர் ஒழுங்கு வேண்டும்.

எங்கள் கல்லூரிச் சுற்றுலா கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகிறது. போகட்டும். வரும் ஆண்டில் ஒரு முறை நெடுந்தீவுக்குப் போகலாமே! கூட்டம் குறைந்த ஒரு வார நாளில், தீவிலிருந்து இங்கு படிக்க வரும் மாணவியரே எங்களுக்கு வழிகாட்டிகளாக வரட்டும். அதிபர் சிஸ்டரிடம் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். கீழே இருபத்தொரு கையெழுத்துகள் உள்ளன.