ஏலத்துக்கு வந்த எரிவாயு

எண்ணெய்க்கு உலகச் சந்தை நெடுங்காலமாகவே உண்டு. இயற்கை எரிவாயுவுக்கு அவ்வாறு இருக்கவில்லை. குழாய் பதித்தவனும் அதன் மறுமுனையில் இருந்தவனும் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பிரிய முடியாதவாறு கட்டுண்டு கிடந்தனர். சைபீரியாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கான குழாயை 1982 இல் றேகன் தடுக்க முயன்றும் முடியவில்லை. இரு முனைகளுக்கும் அது தேவையாயிருந்தது.

வாயுவைப் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, கனவளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். நுட்பம் பழையதுதான். 1959 இலேயே 'மெதேன் பயனியர்' என்ற கப்பல் லூசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கன்வே தீவுக்கு அதைக் கொண்டுசென்றது. ஆனால் கப்பல் வந்த பின்னரும் வியாபாரம் குழாயின் வழக்கத்திலேயே நடந்தது. ஜப்பானியக் கம்பனிகள் நீண்டகால ஒப்பந்தங்களில், எண்ணெய் விலையோடு பிணைக்கப்பட்ட விலைக்கு வாங்கின. வாங்கிய சரக்கை வேறு துறைமுகத்துக்குத் திருப்பி விற்கவும் பல ஒப்பந்தங்கள் இடமளிக்கவில்லை.

இந்த வழக்கத்தைப் பெரிதும் உடைத்தது அமெரிக்கா. லூசியானாவின் சபைன் பாஸ் முனையம் 2008 இல் திறக்கப்பட்டது இறக்குமதிக்காகவே என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றும். ஷேல் பாறை வாயு பெருகியதும், அதே இடத்திலிருந்து 2016 பெப்ரவரியில் முதல் ஏற்றுமதிக் கப்பல் புறப்பட்டது. 2023 இல் திரவ வாயு ஏற்றுமதியில் அமெரிக்கா முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்கச் சரக்குக்குச் சேருமிட நிபந்தனை பொதுவாக இல்லை. கூடிய விலை கிடைக்குமானால் நடுக்கடலிலும் கப்பலைத் திருப்பலாம்.

இதனை நெகிழ்ச்சி என்று போற்றினார்கள். யாருக்கு நெகிழ்ச்சி என்பதற்கு 2022 விடை சொன்னது. ரஷ்யக் குழாய்வாயு குறைந்ததும் ஐரோப்பா கப்பல்களை வாங்கிக் குவித்தது. அதுவரை ஓர் இறக்குமதி முனையமும் இல்லாதிருந்த ஜேர்மனி, அவ்வாண்டு டிசம்பரிலேயே வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் ஒன்றைத் திறந்தது. ஆசியச் சந்தையில் 2020 நடுப்பகுதியில் ஒரு மில்லியன் பிரித்தானிய வெப்ப அலகு 2 டொலரளவில் விற்றது. 2022 ஓகஸ்டில் அது 70 டொலரளவுக்கு ஏறியது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் 10 கப்பல்களுக்கு விலைமனுக் கோரியபோது ஒரு விற்பனையாளர்கூட முன்வரவில்லை. நீண்டகால ஒப்பந்தப்படி வரவேண்டிய சில கப்பல்களும் வந்துசேரவில்லை. ஐரோப்பா தன் மக்களைக் குளிரிலிருந்து காத்தமைக்காக அதனைக் குறைகூற முடியாது. ஆனால் அந்தக் காப்புக்கான விலையில் ஒரு பங்கை, மின்வெட்டில் புழுங்கிய பாகிஸ்தானியரும் செலுத்தினர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பின்னர் நடந்ததை விற்பனையாளர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2024 என்ற ஒரே ஆண்டில் பாகிஸ்தான் சுமார் 17,000 மெகாவாட் கொள்ளளவுள்ள சூரிய மின்தகடுகளை இறக்குமதி செய்தது. மின்கட்டண உயர்வைத் தாங்காத ஆலை முதலாளிகளும் வீட்டுக்காரரும் கமக்காரரும் பெரும்பாலும் தாமாகவே அவற்றை வாங்கிப் பொருத்தினர். எரிவாயு மின்னிலையங்களுக்கு வேலை குறைந்தது. 2025 இல், கட்டாரிலிருந்து வரவிருந்த கப்பல்களைப் பிற்போடுமாறு பாகிஸ்தானே கேட்கவேண்டியதாயிற்று. புதிய ஏற்றுமதி ஆலைகளில் பணத்தைப் போட்டவர்களோ, தெற்காசியா இனிமேல்தான் வாங்கப்போகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள்.