காவலரின் விரல்

பெருமாள் கோயிலானாலும் சிவாலயமானாலும், கருவறையில் எழுந்தருளியிருக்கும் இறைவனைச் சேவிக்கும் முன் அடியார்களின் கண்ணில் படுபவர்கள் துவாரபாலகர்கள். கதையூன்றி நிற்கும் அவர்களது கரங்களில் ஒன்று சுட்டுவிரலை உயர்த்தி எச்சரிப்பதைப் பலர் கவனித்திருக்கலாம். அதனைத் தர்ஜனி முத்திரை என்பர். 'சற்றே நில், உள்ளே செல்லும் தகுதியோடு வந்தாயா என்று எண்ணிப் பார்' என்பது அவ்விரல் சொல்லும் செய்தி. அவர்களிடம் மனத்தால் அனுமதி பெற்ற பின்பே உள்ளே செல்ல வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. ஆயினும் தரிசனத்திற்கு விரையும் அவசரத்தில், அந்த விரலை நின்று பார்ப்பவர் சிலரே.

திருவரங்கத்தில் வாழும் ஒரு முதியவருக்கு அந்த விரலின் பொருள், ஒரு மார்கழி மாதத்தில், அவரது வீட்டுக் குளியலறையில் விளங்கியது.

அவர் கருவூலத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு. அவருடைய மனைவிக்கு எழுபத்தொன்று. மார்கழி பிறந்துவிட்டால் அந்த அம்மையார் விடியற்காலை நான்கு மணிக்கு நீராடி, கோலமிட்டு, திருப்பாவை முப்பது பாசுரங்களையும் சேவித்து முடித்த பிறகே காபியைக் கையில் எடுப்பார். மூட்டு வலி வந்த பின் குளிர்ந்த நீர் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காகவே வெளியூரிலுள்ள மகன் சில ஆண்டுகளுக்கு முன் 15 லிட்டர் கீசர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தான்.

அவ்வாண்டு பகல்பத்து உற்சவத்தின் மூன்றாம் நாள், கீசரைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் வீடு முழுவதும் இருண்டது. மின்பெட்டியில் 'டிரிப்பர்' என்று எல்லோரும் சொல்லும் ஆர்.சி.சி.பி. கீழே விழுந்திருந்தது. முதியவர் டார்ச் விளக்கோடு சென்று அதை மேலே தள்ளினார். சிறிது நேரத்தில் மீண்டும் விழுந்தது. மறுநாள் கீசரின் சுவிட்சைத் தொட்டவுடனேயே விழுந்தது.

அன்று மாலை, தெருவில் வேறொரு வீட்டு வேலைக்கு வந்திருந்த இளைஞன் ஒருவனை அழைத்துக் காட்டினார். அவன் பத்து நிமிடங்களில் வேலையை முடித்துவிட்டான். கீசரின் பிளக்கைத் திறந்து, பச்சை நிற எர்த் கம்பியைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, "இனி விழாது, தாத்தா" என்றான். அவன் சொன்னபடியே விழவில்லை. கேட்ட நூறு ரூபாயோடு இன்னும் ஐம்பது சேர்த்துக் கொடுத்து அனுப்பினார் முதியவர்.

இரண்டு நாள் கழித்து மனைவி சொன்னார்: "குழாயைத் திருகும்போது விரல் சுருக் சுருக்கென்கிறது."

"பனிக்காலம், நரம்புக்கு அப்படித்தான் இருக்கும். சர்க்கரை வேறு இருக்கிறது" என்றார் அவர்.

அம்மையாரும் அதை ஏற்றுக்கொண்டார். மேலும் மூன்று நாட்கள் அவ்வாறே நீராடினார். பகல்பத்தின் பத்தாம் நாள். நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் சேவை சாதிக்கும் நாள். மறுநாள் வைகுண்ட ஏகாதசி. அன்று காலை நீராடித் திரும்பியவர், "இன்று முழங்கை வரையில் ஏறிற்று" என்று கையைப் பிசைந்துகொண்டே கூறினார். அப்போதுதான் முதியவரின் மனத்தில் ஏதோ தட்டியது. நரம்புத் தளர்ச்சியானால் குழாயைத் தொடும்போது மட்டுமா வரும்?

கோயில் விழாக் காலங்களில் விளக்கு வேலை பார்த்துப் பழகிய மூத்த மின்பணியாளர் ஒருவர் அத்தெருவுக்கு வந்து போவதுண்டு. அவரை வரவழைத்தார். அவர் குளியலறைக்குள் காலில் ரப்பர் செருப்போடுதான் சென்றார். கீசரைப் போடச் சொல்லிவிட்டு, டெஸ்டரைக் கீசரின் அடியிலுள்ள உலோக இணைப்பில் வைத்தார். அதன் சிறு விளக்கு பளிச்சென்று எரிந்தது. குழாயின் பித்தளைத் திருகில் வைத்தார். அங்கே மங்கலாக எரிந்தது. உடனே கீசரை அணைத்து, பிளக்கை உருவித் திறந்து பார்த்தவர், கழற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்த பச்சைக் கம்பியைக் கண்டு சிறிது நேரம் பேசவில்லை.

"ஐயா, யார் இதைச் செய்தது?"

முதியவர் நடந்ததைச் சொன்னார்.

"டிரிப்பர் என்ன வேலை செய்கிறது என்று தெரியுமா, ஐயா? நீங்கள் கணக்குத் துறையில் இருந்தவர், எளிதில் விளங்கும். ஒரு கம்பியில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அவ்வளவும் மற்றொரு கம்பியில் திரும்பி வர வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் கணக்கு நேராக இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், வழியில் எங்கோ கசிகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே போதும். கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும்."

"பக்கத்தில் எம்.சி.பி. இருக்கிறதே, அது பார்க்காதா?"

"அதன் வேலை வேறு. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோதான் அது விழும். உங்கள் கீசர் 2000 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு ஓடுகிற இடத்தில் 0.03 ஆம்பியர் கசிவு எம்.சி.பி.யின் கண்ணுக்கே தெரியாது. ஆனால் மனித உடம்புக்கு அது பெரிது. அதற்காகத்தான் டிரிப்பர்."

"அப்படியானால், எர்த் கம்பியைக் கழற்றியதும் விழாமல் நின்றதே?"

"கசிவு நின்றதால் அன்று, ஐயா. கசிவு போவதற்கு இருந்த வழியை அடைத்துவிட்டார்கள். முன்பு கசிந்த மின்சாரம் பச்சைக் கம்பி வழியாகப் பூமிக்குப் போயிற்று; கணக்கு குறைந்தது; டிரிப்பர் விழுந்தது. இப்போது போக வழியில்லாமல் கீசரிலும் தண்ணீரிலும் குழாயிலும் அது காத்துக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகும். ஓரளவு மின்சாரம் அதில் இறங்கிவிடும். இப்போது வீடு முழுவதும் பிளாஸ்டிக் குழாய். ஈரத் தரையில் நின்று குழாயைத் தொடுகிற ஆள்தான் அதற்கு வழி. இனி அந்த டிரிப்பர் விழ வேண்டுமானால், மின்சாரம் அம்மாவின் உடம்பு வழியாகத்தான் போயாக வேண்டும்."

முதியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார். ஐந்து நாட்களாக அந்த அம்மையார் திருப்பாவையை முணுமுணுத்தவாறே கை வைத்த குழாய் அது.

சற்றுத் தெளிந்த பின், பழகிப்போன கணக்கு மனம் அவரைக் கேட்க வைத்தது: "காவல் காப்பவரும் சில சமயம் தவறுவதுண்டே. சனகாதி முனிவர்களையே ஜய விஜயர் தடுத்து நிறுத்தவில்லையா? டிரிப்பரே பழுதாகி வீணாக விழுந்திருக்கலாம் அல்லவா?"

மின்பணியாளர் முறுவலித்தார். "நியாயமான கேள்வி. அதைச் சோதிக்கவும் வழி உண்டு." எர்த் கம்பியை மீண்டும் இறுக்கி முடுக்கினார். கீசரின் பிளக்கை உருவியபடியே வைத்து, மின்விசிறி, குளிர்பெட்டி, மோட்டார் எல்லாவற்றையும் ஓடவிட்டார். டிரிப்பர் அசையவில்லை. பிறகு கீசரின் பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். உடனே விழுந்தது. "தனியே விழுந்தால் டிரிப்பரையோ வீட்டு வயரிங்கையோ சந்தேகிக்கலாம். கீசரோடு மட்டும் விழுகிறது. காவலர் சரியாகத்தான் தடுத்திருக்கிறார்" என்றார்.

கீசரைக் கழற்றி நீரை வடித்து உள்ளே பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஹீட்டர் காயில் என்பது உலோகக் குழலுக்குள் வைக்கப்பட்ட மெல்லிய கம்பி. கம்பிக்கும் குழலுக்கும் இடையே மின்சாரம் தாண்டாதபடி மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடியை இறுக அடைத்திருப்பார்கள். அந்த வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. குழலின்மேல் சுண்ணாம்பு கனமாகப் படிந்திருந்தது. படிவு மூடினால் சூடு நீரில் இறங்காமல் குழலிலேயே தங்கும். நாளடைவில் குழல் வெடிக்கும். மயிரிழை போன்ற அந்த வெடிப்பின் வழியே ஈரம் பொடிக்குள் சென்றுவிட்டது. முதலில் சூடேறி வெடிப்பு விரிந்த பின் விழுந்த டிரிப்பர், ஈரம் ஊறிய பின் போட்டவுடனே விழுந்ததற்குக் காரணமும் அதுவே. தொட்டி அரிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக் கொள்ளும் ஆனோடு என்னும் மக்னீசியக் கோலும் குச்சியாகத் தேய்ந்து போயிருந்தது. அதை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்று அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது.

புதிய காயில் மறுநாளுக்குப் பிறகுதான் கிடைக்கும் என்ற நிலை. ஏகாதசி விடியலில் பரமபத வாசல் திறக்கும். "பரணில் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பி ஒன்று கிடக்கிறது, வாளியில் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார் முதியவர்.

"வேண்டாம், ஐயா. பழைய கம்பி, அதிலும் இதே வெடிப்பு இருக்கலாம். சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவாமல் வாளி நீரைத் தொட்டு எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு அடுப்பு போதும்."

அன்றிரவு அந்த வீட்டு அடுப்பில் நீர் காய்ந்தது. பெரிய அண்டாவைத் தூக்க வேண்டாம் என்று, இரண்டு சிறு பாத்திரங்களில் காய்ச்சி, வாளியில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, அதன்மேல் வெந்நீரைக் கலந்து வைத்தார் முதியவர். ஐம்பது ஆண்டு இல்லறத்தில் மனைவிக்கு அவர் வெந்நீர் விளாவி வைத்தது அதுவே முதல் முறை. அம்மையார் நீராடி முடிக்கும் வரை கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

விடியலில் இரத்தினாங்கி அணிந்து நம்பெருமாள் பரமபத வாசலைக் கடந்ததைக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று இருவரும் சேவித்தனர். சில நாட்கள் கழித்து, கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில், மூலவர் சேவைக்குச் சென்றபோது முதியவர் துவாரபாலகர் முன் வழக்கத்திற்கு மாறாக நெடுநேரம் நின்றார். பின்னால் வந்தவர்கள் விலகிச் சென்றார்கள். மனைவி ஏதும் கேட்கவில்லை.

புதிய காயிலும் புதிய ஆனோடும் பொருத்தப்பட்டன. பொருத்தும் முன் மெக்கர் என்னும் கருவியால் காயிலின் காப்பைச் சோதித்துக் காட்டினார் மின்பணியாளர். மூன்று பின் கொண்ட பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதையும் சுட்டிக் காட்டினார். செருகும்போது முதலில் தொடுவதும், உருவும்போது கடைசியில் விடுவதும் அதுவாக இருக்கவே அந்த அமைப்பு. டிரிப்பரில் 'டி' என்று குறித்த சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தியதும் விழுந்தால் காவலர் விழித்திருக்கிறார் என்று பொருள். விழாவிட்டால் மாற்றியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்புப் படிவை நீக்கி, ஆனோடைப் பார்க்க வேண்டும். குளியலறைக்குள் நுழையும் முன் கீசரை அணைத்துவிடுவது எந்நாளும் நல்லது. குழாயிலோ நீரிலோ சிறிது சுருக்கென்றாலும், வயதின் மேல் பழி போடாமல், அந்த நொடியே குளிப்பதை நிறுத்திப் பிளக்கை உருவிவிட வேண்டும். அதையும் உலர்ந்த கையோடு, செருப்பணிந்து செய்ய வேண்டும்.

அந்த முதியவர் இப்போது ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் பஞ்சாங்கம் பார்த்த கையோடு மின்பெட்டியின் முன் சென்று அப்பொத்தானை அழுத்துகிறார். 'டக்' என்று அது விழும் ஓசை கேட்டதும், மீண்டும் மேலே தள்ளிவிட்டு ஒரு கணம் கைகூப்புகிறார்.

தடுப்பவரெல்லாம் பகைவர் அல்லர். விழுந்த விசையை மேலே தள்ளுவது எளிது. அது ஏன் விழுந்தது என்று கேட்பதற்குச் சிறிது பொறுமை வேண்டும். உடல் காட்டும் சிறு வலியும், வீட்டார் சொல்லும் ஒரு சொல்லும், மனச்சாட்சி இழுக்கும் ஒரு கணமும் அப்படி உயர்த்தப்பட்ட விரல்களே. அவற்றின் வாயை அடைத்துவிட்டு மேலே செல்பவனுக்கு அடுத்த எச்சரிக்கை கிடைக்காமலும் போகலாம். நின்று கேட்டவனுக்கே சந்நிதிக் கதவு திறக்கும்.