‘ஏதாவது வேண்டுமா?’ என்னும் வினா

ஆய்வு மாணவர் இணையருக்குக் குழந்தை பிறந்த செய்தி துறையை எட்டியதும் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிகின்றன. ஆளுக்கு இருநூறு ரூபாய் திரட்டப்படுகிறது. பளபளக்கும் தாள் சுற்றிய பெட்டி ஒன்று வாங்கப்படுகிறது. உள்ளே மூன்று மாதக் குழந்தைக்கான சட்டைகள், பவுடர், கரடி பொம்மை, சிறு தலையணை. விடுதியின் ஒற்றையறை வீட்டில், முன்னரே வந்த நான்கு பெட்டிகளின்மேல் அது ஐந்தாவதாக ஏறுகிறது. அன்றிரவு அவ்வீட்டில் சமைக்க ஆளில்லை.

கொடுத்தவர்களின் அன்பில் குறை காண்பதற்கில்லை. என்ன தேவை என்று எவரும் சரியாகக் கேட்கவில்லை என்பதே குறை. ‘கேட்டோமே, ஒன்றும் வேண்டாம் என்றார்களே’ என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் கேட்ட வினா ‘ஏதாவது வேண்டுமா?’ என்பது. ஆம், இல்லை என்னும் இரு விடைகளையே எதிர்நோக்கும் இவ்வினாவுக்கு, நம் உரையாடல் மரபில் ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதே பண்பான விடை. ‘வேண்டும்’ என்று சொல்லத் துணிபவர், எது வேண்டும், எவ்வளவு கேட்கலாம் என்பதையும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இரவில் நான்கு முறை விழித்த தாயிடம் அச்சுமையும் ஏற்றப்படுகிறது.

கேட்பதில் உள்ள இந்தக் கூச்சம் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைக் கேட்பவரின் நிலையை வைத்துப் பிரிக்கிறது: கொடுப்பவரினும் தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார். ஒன்றைக் கேட்கும் கணத்தில் கேட்பவர் தம் இடத்தையும் சொல்லிவிடுகிறார். ‘ஏதாவது வேண்டுமா?’ என்று கேட்கப்பட்டவர், தாம் ‘ஈ’ என்னும் இடத்தில் நிறுத்தப்பட்டுவிடுவோமோ என்று தயங்குகிறார். ‘செவ்வாய் இரவு உணவு கொண்டுவரவா, வியாழன் இரவா?’ என்று வினாவை மாற்றினால் அத்தயக்கம் குறைகிறது. தருவது உறுதியாகிவிட்டது, நாளைத் தேர்வது மட்டுமே எஞ்சியுள்ளது. தேர்வது இரத்தல் ஆகாது.

அரசுகள் தரும் பெட்டிகளிலிருந்தும் கற்க உண்டு. பின்லாந்து 1938இல் வறிய தாய்மார்களுக்காகத் தொடங்கிய மகப்பேற்றுப் பெட்டியை 1949இல் அனைவருக்கும் விரித்தது. பெட்டி வேண்டாதவர் அதற்கு ஈடாகப் பணம் பெறலாம். தமிழ்நாட்டில் 2015இலும் தெலங்கானாவில் 2017இலும் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு கண்டவர்களுக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகங்கள் வழங்கத் தொடங்கினர். கொசுவலை போன்ற அன்றாடப் பொருள்கள் அவற்றில் இருந்தன. தமிழ்நாட்டுப் பெட்டகத்தில் தாய்க்குச் சோப்பும் லேகியமும், தெலங்கானாவினதில் தாய்க்குச் சேலையும் இருந்தன. நண்பர்கள் வாங்கும் பெட்டியில் தாய்க்கென எதுவும் இருப்பது அரிது. அரசுப் பெட்டகங்களுக்கு நெடுங்காலம் முன்பே வங்காளத்துக் காந்தாவும் பீகாரின் சுஜனியும் இருந்தன. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த அவ்விரிப்புகள், பலமுறை துவைத்த துணியின் மென்மையே குழந்தையின் தோலுக்கு உகந்தது என்ற அறிவில் பிறந்தவை.

வளாகத்தில் வாழ்வோரின் தேவைகள் தனித்தன்மை உடையவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள் பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலத்தில் ஒருமுறை 240 நாள்கள் வரை விடுப்புக்கு வழிசெய்தன. விடுப்பு இருப்பதால் உதவி இருந்துவிடுவதில்லை. பெற்றோரின் ஊர் இரண்டு நாள் ரயில் தொலைவில் இருக்கலாம். பிறந்தபின் 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசிக்குச் செல்லும்போது உடன்வர ஓர் ஆள், தவணை முடிந்த நூல்களை நூலகத்தில் சேர்க்க ஒருவர், தாய் குளித்து உறங்கும் வரை குழந்தையை ஏந்தியிருக்க ஒரு மணி நேரம்: இவை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. பொருளாகவே தர விரும்புவோர் மின்னணு வெப்பமானி, துவைத்த பருத்தித் துணிகள், ஆறாம் மாதத்துக்குப் பின் அணியத்தக்க சட்டைகள் ஆகியவற்றை எண்ணலாம்.

தவிர்க்க வேண்டியவையும் உள. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. அரிதெனினும் உயிருக்கு ஊறு செய்யும் நச்சுநோய் அதனால் வரக்கூடும். உறங்கும் இடத்தில் தலையணையும் மென்பொம்மையும் மூச்சுக்குத் தடையாகலாம். பால்மாவையும் பாற்புட்டியையும் விளம்பரப்படுத்துவதையும், விற்பனையை வளர்க்கும் நோக்கில் மாதிரிகளும் அன்பளிப்புகளும் வழங்குவதையும் இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.  தாய்ப்பாலைக் காக்கும் அதன் நோக்கம் நண்பருக்கும் பொருந்தும். பால்மா தேவைப்படும் தாய் அதை மருத்துவரின் அறிவுரையோடு தாமே பெறுவார். அதுபற்றி எவரும் கருத்துரைக்க வேண்டியதில்லை.

கேட்டுத் தருவதில் வியப்பும் நெகிழ்வும் போய்விடும், பரிசு மளிகைப் பட்டியல் ஆகிவிடும் என்பது நியாயமான மறுப்பே. பிறக்கும்முன் எதுவும் வாங்கலாகாது என்னும் குடும்ப வழக்கமும் பல இடங்களில் உண்டு. வழக்கத்தை மதித்து, குழந்தை பிறந்தபின் கேட்கலாம். நெகிழ்வை விரும்புவோர் கேட்டுத் தந்தவற்றோடு தம் விருப்பப்படி சிறிய பொருள் ஒன்றைச் சேர்க்கலாம். ஐந்தாவது பெட்டியைத் திறக்கும் களைப்பில் எந்த வியப்பும் நிலைப்பதில்லை.

அடுத்த குழந்தைக்காகத் துறையில் பணம் திரட்டும்முன் ஒருவர் தொலைபேசியை எடுக்கட்டும். தாய் உறங்கிக்கொண்டிருக்கலாம், தந்தையை அழைக்கலாம். வீட்டின் தேவைகளை அறிந்து சொல்வது அவருடைய கடமையும்தான். ‘இந்த வாரம் எந்த மூன்று நாள்களுக்கு உணவு அனுப்பட்டும்?’ என்று கேட்டால், ‘ஒன்றும் வேண்டாம்’ என்று அவர் சொல்வது எளிதன்று.