சுண்டையும் மணித்தக்காளியும் ஒன்றல்ல!

தோட்டத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கும் கறி இரண்டு: சுண்டை, மணித்தக்காளி. இரண்டும் கத்தரிக்குச் சொந்தம். பூவைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். குணம்தான் வேறு.

சுண்டை ஆள் உயரத்துக்கு மேலே போகும் முள்செடி. மலாய்க்காரர்கள் 'தெரோங் பிப்பிட்' என்பார்கள், அதாவது குருவிக் கத்தரி. காயைப் பச்சையிலேயே பறித்துவிட வேண்டும். வெட்டிப் போட்டாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். மணித்தக்காளிக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. இடுப்பளவு வளர்ந்து, காய்த்து, கொஞ்ச காலத்தில் மடிந்துவிடும். இதில் கறுத்த பழத்தைத்தான் பிள்ளைகள் தின்னலாம். பச்சைக் காயை அப்படியே மென்றால் வயிற்றைப் புரட்டும்.

இன்னொரு வித்தியாசம்தான் முக்கியம். சுண்டையில் நாம் தின்பது காயை. மணித்தக்காளியில் இலையையும் கீரையாக ஆக்கித் தின்கிறோம். வாய்ப்புண் வந்தால் அந்தக் கீரையைத் தேடாத வீடு உண்டா? ஆனால் களைக்கொல்லி முதலில் விழுவது இலையின் மேல்தானே!

பாராகுவாட் அடித்த காலத்தில் மறுநாளே இலை கருகிவிடும். பார்த்தவர் பறிக்கமாட்டார். அந்த விஷத்துக்கு 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 சனவரி முதல்தான் முழுத் தடை வந்தது. நல்லதுதான். ஆனால் கிளைபோசேட் அப்படிக் கருக்காது. அடித்த பிறகும் சில நாளைக்கு இலை பச்சையாகவே நிற்கும். "தளதளன்னு இருக்கே" என்று மடி நிறையப் பறிக்கும் அக்காளுக்கு என்ன தெரியும்? மருந்து இலைக்குள் இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. அங்கிருந்து காய்க்கும் போகும் என்பதால் சுண்டையையும் நம்ப முடியாது.

"யார் பறிக்கச் சொன்னது?" என்று நிர்வாகம் கேட்கும். விலைவாசி சொன்னது ஐயா! வாங்குகிற சம்பளத்தில் கீரைக்கும் கடைக்கா ஓடுவது?

நாம் கேட்பது பெரிய செலவு இல்லை. எந்த நிரையில் மருந்து அடிக்கிறார்கள் என்று காலைப் பெரட்டிலேயே சொல்ல வேண்டும். அடித்த நிரையின் இரு முனையிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும். மருந்தடிப்பவர் இன்று இந்தோனேசியராக இருக்கலாம், வங்காளதேசியாக இருக்கலாம். துணிக்கு மொழி வேண்டாம். வீடுகளைச் சுற்றி மருந்தே அடிக்கக் கூடாது.

தோட்டக் கமிட்டித் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை வையுங்கள். அதுவரை தாய்மார்கள் வீட்டுப் பின்னால் ஒரு பாத்தி போடுங்கள். கறுத்த மணித்தக்காளிப் பழத்தைக் கசக்கித் தூவினாலே முளைக்கும். சுண்டைக்கு மட்டும் வேலியோரமாக இடம் விடுங்கள், முள் இருக்கிறது.